ஓட்டல் கைமாறினால் எங்கள் பாயிண்டும் மதிப்பிழக்க வேண்டுமா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைமை ஆணையர் அவர்களுக்கு,

நான் கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதத்தில் பாதி நாள் ராஜ்கோட், இந்தூர், நாக்பூர், ராய்ப்பூர் என்று டீலர்களைத் தேடி அலைச்சல். ஒரே ஊரில் இரண்டு இரவு தங்கினால் அதிசயம். நான் வழக்கமாகத் தங்கும் ஓட்டல் குழுமத்தில், அடிக்கடி வருபவர்களுக்கான லாயல்டி திட்டத்தில் உறுப்பினர் நான். தங்கத் தங்கப் பாயிண்ட் சேரும், போதுமான அளவு சேர்ந்தால் ஓர் இரவு இலவசம். அந்தக் குழுமத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் அதைவிடப் பெரிய குழுமம் ஒன்று வாங்கியது. ‘உங்கள் உலகம் இன்னும் பெரிதாகிறது’ என்று வாழ்த்தி மெயில் அனுப்பினார்கள். போன மாதம் அதே இடத்தில் இருந்து இன்னொரு மெயில். இலவச இரவுக்கு எத்தனை பாயிண்ட் என்று சொல்லும் அட்டவணை இனிமேல் கிடையாதாம். அன்றன்றைக்கு ஆப்பில் என்ன காட்டுகிறதோ அதுதான் கணக்காம். அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

குழுமத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். இதை ஒரு கம்பெனியோடு எனக்கு இருக்கும் தகராறு என்று எடுத்துக்கொண்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். ஓட்டல் தொழிலில் யார் யாரை வாங்கினாலும் உறுப்பினர்களுக்கு நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால் நடக்கிறது. கேட்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

‘ஓசியில் வந்த பாயிண்டுக்கு இவ்வளவு பேச்சா?’ என்று என் ஆபீசிலேயே கேட்டார்கள். ஓசியில் வரவில்லை. பெரிய குழுமங்கள் அநேகமாக எல்லாமே ஒரு நிபந்தனை வைத்திருக்கின்றன: அவர்களுடைய இணையதளத்திலோ ஆப்பிலோ நேராக ரூம் போட்டால்தான் பாயிண்ட். மேக்மைட்ரிப், புக்கிங் டாட் காம் வழியாகப் போட்டால் கிடையாது. இடையில் இருப்பவருக்குப் போகும் கமிஷன் அவர்களுக்கு மிச்சம். நாம் வேறு ஆப்பில் சில நூறு ரூபாய் குறைவாகத் தெரியும் ரூமை விட்டுவிட்டு நேராகப் போடுகிறோம். அதே தெருவில் புதிதாக ஒரு நல்ல ஓட்டல் திறந்திருக்கும். அதையும் தாண்டி, பழைய ஓட்டலின் ஈரக் கார்பெட் வாசனைக்கே திரும்பிப் போகிறோம். அப்படித் திரும்பி வருவதற்கு அவர்களே முன்கூட்டிச் சொன்ன விலைதான் பாயிண்ட். (வாடகையை உன் கம்பெனி கொடுக்கிறது, பாயிண்ட் உனக்கு வருகிறதே, அது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். அது எனக்கும் என் முதலாளிக்கும் உள்ள விஷயம். அவர் ஆட்சேபிக்கவில்லை.)

அப்புறம், இதே பாயிண்டுகளை இந்தக் குழுமங்கள் வங்கிகளுக்குக் காசுக்கு விற்கின்றன. 2023 ஆகஸ்டில் அமெரிக்க ஓட்டல் குழுமமான மேரியட்டும் எச்டிஎஃப்சி வங்கியும் சேர்ந்து இந்தியாவில் ஒரு கிரெடிட் கார்டு கொண்டுவந்தன. இத்தகைய கார்டுகளில் நாம் ஆண்டுக் கட்டணம் கட்டுகிறோம், வங்கி ஓட்டலிடம் பாயிண்ட் வாங்கி நம் கணக்கில் போடுகிறது. கணக்கு எழுதும்போதும் ஓட்டல்காரர்கள் இதை அன்பளிப்பு என்று எழுதுவதில்லை. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தியக் கணக்கியல் தரம் 115-இன்படி, வாடிக்கையாளர் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைப் பாயிண்டுக்கு என்று பிரித்து, அந்தப் பாயிண்ட் செலவாகும்வரை வருமானத்தில் சேர்க்காமல் பொறுப்பாக நிறுத்தி வைக்க வேண்டும். அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே முறைதான். மேரியட்டின் இருப்புநிலைக் குறிப்பில் இந்த ஒரு தலைப்பில் மட்டும் பல நூறு கோடி டாலர் நிற்கிறது. ஆடிட்டருக்குக் காட்டும்போது கொடுக்க வேண்டிய கடன். எங்களுக்கு அனுப்பும் விதிமுறையில் மட்டும் ‘பாயிண்டுக்குப் பண மதிப்பு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்’.

எங்கள் பக்கம் நகைக்கடையில் சீட்டு கட்டாத வீடு குறைவு. கடை கைமாறி, புது முதலாளி வந்து ‘பழைய முதலாளி வாங்கிய சீட்டுப் பணத்துக்கு எத்தனை கிராம் என்று இனி நான்தான் சொல்வேன், அதுவும் நீங்கள் வரும் அன்றைக்குத்தான் சொல்வேன்’ என்றால் கடை வாசலில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

நடந்த கதை ஒன்றை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் பொதுவெளியில் உள்ள செய்திதான்.

2015 நவம்பரில் மேரியட், ஸ்டார்வுட்டை வாங்கப் போவதாக அறிவித்தது. ஷெரட்டன், வெஸ்டின், லே மெரிடியன், செயின்ட் ரீஜிஸ் எல்லாம் ஸ்டார்வுட்டின் கையில் இருந்த பெயர்கள். நம் ஊரிலும் அதற்குத் தொடர்பு உண்டு. சென்னை கிண்டியில் இருக்கும் ஐடிசி கிராண்ட் சோழா, ஸ்டார்வுட்டின் லக்சுரி கலெக்‌ஷன் வரிசையில் இருந்த ஓட்டல். நடுவில் சீனாவின் அன்பாங் இன்சூரன்ஸ் கூடுதல் விலை கேட்டு வந்து, 2016 மார்ச் கடைசியில் விலகிக்கொண்டது. ஒரு பங்குக்கு எவ்வளவு என்று மாதக்கணக்கில் பேரம் நடந்தது. ஒரு பாயிண்டுக்கு எவ்வளவு என்று உறுப்பினர்களிடம் யாரும் கேட்கவில்லை. 2016 செப்டம்பர் 23 அன்று, சுமார் 1,300 கோடி டாலருக்குக் கைமாறியது. ஸ்டார்வுட் பிரிஃபர்டு கெஸ்ட் என்ற அதன் திட்டத்தில் அப்போது 2 கோடிப் பேருக்கு மேல் இருந்தார்கள். வாங்கிய சொத்தில் அந்தப் பட்டியலும் ஒன்று.

கைமாறிய அன்று உறுப்பினர்கள் வயிற்றில் பால் வார்த்தார்கள். ஒரு ஸ்டார்வுட் பாயிண்டுக்கு மூன்று மேரியட் பாயிண்ட். அடிக்கடி தங்குபவர்களுக்குக் கூடுதல் சலுகையோடு தரும் கோல்டு தகுதி இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கமும் கோல்டு. குறை சொல்ல எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு அப்படியே ஓடியது.

2018 ஆகஸ்ட் 18-இல் திட்டங்களை ஒன்றாக்கினார்கள். ஸ்டார்வுட்டில் 10 முறை தங்கினாலே கோல்டு. அல்லது 25 இரவு. ஒரு முறை என்பது ஒரு இரவாகவும் இருக்கலாம், ஐந்து இரவாகவும் இருக்கலாம். புதிய திட்டத்தில் முறைக் கணக்கை எடுத்துவிட்டார்கள், 25 இரவு மட்டும்தான் கணக்கு. ஒரு வாரம் ஒரே ஊரில் தங்கும் ஆடிட்டருக்கு இது பெரிதாக உறைத்திருக்காது. ஊருக்கு ஒரு இரவு என்று ஓடும் விற்பனைக்காரனுக்கு அதே கோல்டு இரண்டரை மடங்கு தூரம் போய்விட்டது. ஸ்டார்வுட் கோல்டுக்குக் கிளம்பும் நாளில் மாலை 4 மணிவரை ரூம். புதிய கோல்டுக்கு மதியம் 2 மணிவரை, அதுவும் காலி இருந்தால். இணைப்பு நடந்த வாரங்களில் பாயிண்டைக் காணோம், இரவுக் கணக்கு தப்பு, போன் எடுக்க ஆளில்லை என்று உலகம் முழுக்கப் புலம்பல்.

நல்லதையும் சொல்லியாக வேண்டும். ரூம் வாடகைக்குக் கிடைக்கும் பாயிண்ட் புதிய திட்டத்தில் கூடியது. அந்த ஆகஸ்டில் இருந்து சில மாதங்களுக்கு, ஸ்டார்வுட்டின் மிக உயர்ந்த ஓட்டல்கள்கூட 60,000 பாயிண்டுக்குள் கிடைத்தன. விவரம் தெரிந்தவர்கள் அந்தச் சில மாதங்களில் அள்ளிக்கொண்டார்கள். விவரம் தெரியாதவர்கள் சேமித்துக்கொண்டே இருந்தார்கள்.

2019 பிப்ரவரியில் திட்டத்துக்கு மேரியட் போன்வாய் என்று பெயர் வைத்தார்கள். ஓட்டல்களைப் படிப்படியாகப் பிரித்து, படிக்கு இத்தனை பாயிண்ட் என்று வைத்திருந்த அட்டவணையில், அடுத்த மாதமே எட்டாவது படி என்று ஒன்று முளைத்தது. அதில் ஓர் இரவுக்கு 85,000. செப்டம்பரில் கூட்டமான நாள், கூட்டமில்லாத நாள் என்று பிரித்தார்கள். கூட்டமான நாளில் அதே ரூம் 1,00,000. 2022 மார்ச்சில் அட்டவணையையே எடுத்துவிட்டார்கள்.

தலைமை ஆணையர் அவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கைமாறிய நாளில் பார்த்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஐந்தரை ஆண்டு கழித்துப் பார்த்தால், ஒரு பாயிண்டுக்கு என்ன கிடைக்கும் என்று எழுதி வைத்த காகிதமே இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி அறிவிப்பாக வந்ததால் எதையும் யாரும் இணைப்போடு முடிச்சுப் போடவில்லை. இணைப்பை ஆராய்கிறவர்கள் முதல் நாள் மாற்று விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போய்விட்டால், வெட்டு விழும் இடத்தைப் பார்க்கவே மாட்டார்கள். நம் ஊரில் 2024 நவம்பரில் விஸ்தாரா, ஏர் இந்தியாவோடு சேர்ந்தபோதும் கிளப் விஸ்தாரா பாயிண்டுகள் ஒன்றுக்கு ஒன்று என்றுதான் மாறின. நல்லது. நான்காம் ஆண்டில் அந்த ஒன்றுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் என் கேள்வி.

பாயிண்டோடு நம் விவரங்களும் கைமாறுகின்றன. திட்டங்கள் ஒன்றான அதே 2018-இல், நவம்பர் 30 அன்று, ஸ்டார்வுட்டின் பழைய முன்பதிவுத் தரவுத்தளத்தில் 2014 முதலே யாரோ புகுந்திருந்ததாக மேரியட் அறிவித்தது. மறையாக்கம் செய்யப்படாத பாஸ்போர்ட் எண்களே 50 லட்சத்துக்கு மேல் போயிருந்தன. ஸ்டார்வுட் வீட்டில் புகுந்த திருடனையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார்கள். பிரிட்டன் அதற்காக 2020-இல் 1.84 கோடி பவுண்டு அபராதம் போட்டது.

இனி என் பங்குக்கு.

மே மாத நாக்பூர். மதியம் பன்னிரண்டுக்கு ரூமைக் காலி செய்துவிட்டு, ராத்திரி விமானத்துக்கு எங்கே போய் உட்காருவது? மாதிரி மோட்டார் ஒன்று வேறு கையில். பழைய திட்டத்தில் எனக்கு மாலைவரை ரூம் உண்டு என்பதால் நான் அந்த ஓட்டலைவிட்டு வேறெங்கும் போனதில்லை. ரிசப்ஷனில் இருந்த தம்பிக்குப் புதுக் குழுமத்தின் பெயர்ப்பட்டை கொடுத்திருந்தார்கள். டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயருக்குக் கீழே ‘உறுப்பினர்’ என்று மட்டும் இருந்தது. ‘சார், எனக்கு உங்களைத் தெரியும். சிஸ்டத்துக்குத் தெரியவில்லை’ என்று இந்தியில் சொல்லிவிட்டு, மேனேஜரிடம் கெஞ்சி இரண்டு மணிவரை வாங்கிக் கொடுத்தார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யாரோ எங்கோ எடுத்த முடிவுக்கு அவர்தான் தினமும் நாலு பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார்.

சிஸ்டத்துக்கு ஏன் என்னைத் தெரியவில்லை? எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கோடிக்கணக்கான தமிழர்களுக்கும் கிடையாது. பழைய கணக்கில் என் இனிஷியல், கடைசிப் பெயர் கேட்ட கட்டத்தில் ஒற்றை எழுத்தாக உட்கார்ந்திருந்தது. வாங்கிய குழுமத்திலும் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயர் முழுதாக இருந்தது. இரண்டும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்குகள் சேரவில்லை. பெயர் மாற்றியதற்குச் சான்றிதழ் கேட்டார்கள். திருமணச் சான்றிதழ் இருந்தாலும் போதுமாம். நான் எங்கே பெயரை மாற்றினேன்? ஆதார், பான், பாஸ்போர்ட் மூன்றையும் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர், வேறொரு டிக்கெட் எண், முதலில் இருந்து விளக்கம். இந்த இழுபறியில் பழைய கணக்கில் இருந்த பாயிண்டுகள் ‘செயல்பாடு இல்லை’ என்று காலாவதியாகிவிட்டன. செயல்பட விட்டால்தானே?

விடாமல் கேட்டதில் ஒரு பகுதியை ‘நல்லெண்ண அடிப்படையில்’ திருப்பிப் போட்டார்கள். என்னுடையதை எனக்குத் தர நல்லெண்ணம் எதற்கு? சரி, வந்தவரை போதும், பிள்ளைகளின் லீவில் கொச்சிக்குப் போய் வரலாம் என்று பார்த்தால், நான் தேடத் தேட அந்த ரூமின் பாயிண்ட் விலை ஏறிக்கொண்டே போனது. அப்புறம்தான் அட்டவணையே கிடையாது என்ற மெயில்.

சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46) பிரிவு, நியாயமற்ற ஒப்பந்தம் எது என்று சொல்கிறது. நுகர்வோரின் சம்மதம் இல்லாமல், அவருக்குப் பாதகமாக, ஒப்பந்தத்தை இன்னொருவர் கைக்கு மாற்ற இடம் தரும் ஒப்பந்தமும் அதில் வருகிறது. ஓட்டல் இணைப்பில் நடப்பதை இதைவிடத் தெளிவாக எழுத முடியாது. ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்று வழக்குப் போட வேண்டுமானால் கோவை மாவட்ட ஆணையத்துக்குப் போக முடியாது. மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சில ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள பாயிண்டுக்கு யார் வக்கீல் வைத்து வழக்காடுவார்கள்? ஆளுக்குக் கொஞ்சம், ஆனால் ஆட்கள் லட்சக்கணக்கில். நுகர்வோரை ஒரு வகுப்பாகப் பாதுகாக்க என்று உங்கள் ஆணையத்தை ஏற்படுத்தியது இதைப் போன்றவற்றுக்குத்தான்.

ஓட்டல்களை நீங்கள் தட்டிக் கேட்டதே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2022 ஜூலையில், பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டு நெறி வெளியிட்டீர்கள். ஓட்டல் சங்கங்கள் நீதிமன்றம் போயின. 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றம் உங்கள் பக்கம் நின்றது. சாப்பாட்டு பில்லில் சில ரூபாய்க்கு அவ்வளவு உறுதியாக நின்றவர்களிடம்தான் இதைக் கேட்கிறேன்.

முன்மாதிரியும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் அலாஸ்கா ஏர்லைன்ஸ், ஹவாயன் ஏர்லைன்ஸை வாங்கியபோது, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை ஆறு ஆண்டுக்கு அவர்களைக் கட்டிப்போட்டது. மைல்கள் (விமானக் கம்பெனிகளின் பாயிண்ட்) ஒன்றுக்கு ஒன்றாக மாற வேண்டும், புதிய திட்டம் வரும்வரை காலாவதியாகக் கூடாது, இணைப்புக்குப் பிறகும் மைலின் மதிப்பைக் குறைக்கக் கூடாது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க கூட்டாட்சி வர்த்தக ஆணையம், தரவுக் கசிவு விவகாரத்தில் மேரியட்டோடு செய்த உடன்பாட்டில், திருட்டுப்போன பாயிண்டுகளை வாடிக்கையாளர் கேட்டால் ஆராய்ந்து திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கியது. திருடன் எடுத்தால் திருப்பித் தர வேண்டிய பொருள், நிறுவனமே எடுத்தால் மட்டும் மதிப்பில்லாததாக எப்படி ஆகும்?

ஆகவே, சட்டத்தின் 18-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தின்படி லாயல்டி பாயிண்டுகளுக்கு என்று தனி வழிகாட்டு நெறி ஒன்றை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். பணம் கொடுத்து ரூம் போட்டுச் சேர்ந்த பாயிண்ட் அன்பளிப்பு ஆகாது, வாங்கிய சேவையின் ஒரு பகுதி என்று அதில் முதலில் எழுத வேண்டும். குழுமம் கைமாறினால், கைமாறிய நாள்வரை சேர்ந்த பாயிண்டுகளைக் குறைந்தது மூன்று ஆண்டுக்குப் பழைய அட்டவணைப்படியோ அதைவிடச் சாதகமாகவோ செலவழிக்க உறுப்பினருக்கு உரிமை வேண்டும். அமெரிக்காவின் ஆறு ஆண்டை நான் கேட்கவில்லை, நீங்களாகக் கொடுத்தால் மறுக்கவும் மாட்டேன். உழைத்து எட்டிய கோல்டு, பிளாட்டினம் தகுதிகளை இடையில் விதி மாற்றிப் பறிக்காமல், அவற்றின் காலம் முடியும்வரை அதே சலுகைகளோடு விட வேண்டும்.

மாற்றம் எதுவானாலும் ஆறு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். வாழ்த்து மெயில் வேண்டாம். உங்களிடம் இவ்வளவு இருந்தது, இனி இவ்வளவு ஆகும், இந்த ஓட்டலுக்கு முன்பு இத்தனை, இனி இத்தனை என்று ஒவ்வொருவர் கணக்குக்கும் தனியாகக் காட்ட வேண்டும். புதிய முதலாளி வேண்டாம் என்று விலக நினைப்பவருக்குப் பாயிண்டுக்கு ஈடான பணமும், தன் விவரங்களை அழிக்கச் சொல்லும் வழியும் வேண்டும்.

பெயர் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காகக் கணக்குகளைச் சேர்க்க மறுக்கக் கூடாது. அரசு கொடுத்த அடையாள அட்டை ஒன்று போதும் என்று சொல்லுங்கள். புகார் நிலுவையில் இருக்கும்வரை ஒரு பாயிண்டும் காலாவதியாகக் கூடாது என்றும் சொல்லுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளில் இருப்பதைப் போல, 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்கும் குறைதீர் அலுவலர் ஒருவரை இந்த லாயல்டி திட்டங்கள் எல்லாவற்றுக்கும் இந்தியாவிலேயே வைக்கச் செய்யுங்கள்.

வழிகாட்டு நெறி வர நாளாகும் என்பது தெரியும். அதுவரை இரண்டு வேலைகளை உடனே செய்யலாம். இந்தியாவில் உறுப்பினர் வைத்திருக்கும் பெரிய ஓட்டல் குழுமங்களின் விதிமுறைகளில் ‘எப்போது வேண்டுமானாலும், எந்த அறிவிப்பும் இன்றி மாற்றுவோம்’ என்று வரும் இடங்களை எடுத்துவைத்து, 2(46) பிரிவின் கீழ் நிற்குமா என்று நீங்களாகவே விசாரணை தொடங்குங்கள். அடுத்து, ஓட்டல், விமான நிறுவன இணைப்புகள் இந்தியப் போட்டி ஆணையத்தின் மேசைக்கு வரும்போது, உறுப்பினர்களின் பாயிண்டுக்கு என்ன ஏற்பாடு என்று எழுத்தில் கேட்டு வாங்கும்படி அந்த ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தக் கடிதத்தையும் அதற்கு வரும் பதிலையும் பொதுவில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரில் இருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி